சொத்து வரி நிலுவையைத் தவணையில் கட்ட அனுமதித்து, துண்டித்த குடிநீர் இணைப்பைத் திரும்பத் தரக் கோரும் மனு

நாள்: 10.03.2025

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: மறைந்த என் மாமனார் பெயரில் உள்ள வீட்டின் வரி நிலுவை, குடிநீர் இணைப்பு, பெயர் மாற்றம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டித்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. வரி பாக்கி இருப்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. பாக்கியைக் கட்ட ஒரு வழி செய்து கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

வீடு 780 சதுர அடி ஓட்டு வீடு. மாமனார் இருந்தவரை வரி பாக்கி என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. கட்டிவிட்டு வந்ததும் ரசீதைக் கூடத்துத் தூணில் தொங்கும் கம்பியில் குத்திவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. கூடம் முழுக்கத் தண்ணீர். மழை விட்டதும் அவர் முதலில் செய்தது, கம்பியிலிருந்து ரசீதுகளை ஒவ்வொன்றாக உருவிப் பாயில் பரப்பிக் காயவைத்ததுதான். மை கரைந்து எண்ணே தெரியாமல் போனதைக்கூட எறியவில்லை. அதில் கடைசி ரசீது 2018-19 முதல் அரையாண்டுக்கானது. அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கட்டவில்லை. கையில் இருந்தது ஓடு மாற்றவே சரியாகப் போயிற்று. அடுத்த வருடம் மாமனார் காலமானார். அப்புறம் கொரோனா. என் வீட்டுக்காரர் மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலம் குத்தகைக்கு எடுத்து சாகுபடி செய்கிறார், நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது 600 சதுர அடிக்கு மேல் 1,200 வரை உள்ள வீடுகளுக்கு 50 சதவீதம் கூடியது. அரையாண்டுக்கு 612 ரூபாயாக இருந்தது 918 ஆனது. ஒரு தவணையாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லைதான். சேர விட்டது எங்கள் தப்பு. இப்போது வரி, குடிநீர்க் கட்டணம், வட்டி எல்லாம் சேர்த்து ரூ.19,640 என்கிறார்கள்.

கேட்பு அறிவிப்பு இன்னும் மாமனார் பெயரில்தான் வருகிறது. ஒரு தடவை ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. போன மாதம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து தெருவில் அறிவித்தார்கள். மறுநாள் தெருமுனையில் நிலுவைதாரர் பட்டியல் என்று ஒரு தட்டி வைத்தார்கள். மூன்றாவது பெயர் மாமனார் பெயர். என் மாமியார் கோயிலுக்குப் போகிற வழி அது. இப்போது அவர் சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாகப் போய்வருகிறார். ஒரு நாளும் பாக்கி வைக்காத மனிதர் ஐயா அவர். பாக்கி எங்களுடையது, தட்டியில் இருப்பது அவர் பெயர்.

அதற்கு அடுத்த வாரம் வாசலில் பள்ளம் தோண்டி இணைப்பைத் துண்டித்துக் குழாயை அடைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு அக்கா தாங்கள் பிடித்தது போக மீதியில் நாலு குடம் தருகிறார். அவர் வீட்டிலும் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. எத்தனை நாள் கேட்க முடியும்?

இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தையல் மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்டேன். நடப்பு ஆண்டு வரி ரசீது என் வீட்டுக்காரர் பெயரில் வேண்டும் என்றார்கள். பெயர் மாற்றத்துக்குப் போனால், வாரிசுச் சான்று கொடுத்த பிறகும், நிலுவையைக் கட்டினால்தான் முடியும் என்கிறார்கள். கடன் கிடைத்தால் சம்பாதித்து நிலுவையைக் கட்டலாம். நிலுவையைக் கட்டினால்தான் கடனே கிடைக்கும்.

ஐயா, எங்கள் பக்கத்தில் பணம் வருவது வருடத்துக்கு ஒரு தடவை. எங்களுடையது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை நிலம், குறுவை நிச்சயம் இல்லை, சம்பா ஒன்றுதான். தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால்தான் கணக்கில் காசு ஏறும். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு நல்ல வசதி. எங்களுக்கு அக்டோபர் என்றால் நடவுக் கூலி, உரம், தீபாவளி. ஏப்ரலுக்குள் சம்பாப் பணம் சொசைட்டிக் கடனுக்கும் நகையைத் திருப்புவதற்கும் போய்விடும். 2023-இல் அக்டோபர் 10-ஆம் தேதியே மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள். 2024-இல் ஜூன் 12-இல் திறக்க வேண்டியதை ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அந்த இரண்டு வருடமும் வரிக்கென்று ஒதுக்க எங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை.

இந்த மாசியில் கடன் போக ரூ.5,000 மிச்சம் பிடித்திருக்கிறேன். கவுண்டரில் கேட்டேன். பணத்தை வாங்கிக்கொள்கிறோம், ஆனால் முழுவதும் கட்டினால்தான் இணைப்பு தருவோம் என்றார்கள். அந்த ரூ.5,000 இப்போது என் கையில்தான் இருக்கிறது. இதைப் பெற்றுக்கொண்டு இணைப்பைத் திரும்பத் தர உத்தரவிட வேண்டுகிறேன். ஏப்ரல் முதல் அடுத்த ஜனவரி வரை தையல் வருமானத்தில் மாதம் ரூ.800 கட்டுகிறேன், அது ரூ.8,000 ஆகும். மீதி ரூ.6,640-ஐ அடுத்த மாசியில் நெல் பணம் வந்ததும் கட்டிவிடுகிறேன். இதை எழுத்தில் உறுதியாகக் கொடுக்கத் தயார். புதிதாக வரும் அரையாண்டு வரியையும் பாக்கி வைக்க மாட்டோம்.

வட்டி விஷயத்திலும் ஒரு விளக்கம் வேண்டும். மாதம் 1 சதவீதம் தனி வட்டி என்கிறார்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான புதிய சட்டம் 2023 ஏப்ரல் 13-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பாக்கிக்கும் இதே வட்டிதானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கேட்பில் வட்டி ஒரே தொகையாக இருக்கிறது. எந்த அரையாண்டுக்கு எந்த மாதம் முதல் எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். அதில் குறைக்கத் தங்களுக்கு அதிகாரம் இருந்தால், புயலில் பாதித்த வீடு என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். முதல் தவணை கட்டியதுமே பெயர் மாற்ற மனுவையும் எடுத்துக்கொண்டால் இனிமேல் அறிவிப்பு உயிரோடு இருப்பவர் கைக்கு வரும். எங்கள் தெருவில் மட்டும் இப்படி இறந்தவர் பெயரிலேயே வரி ஓடும் வீடுகள் இன்னும் நாலைந்து உண்டு. வார்டில் ஒரு நாள் பெயர் மாற்ற முகாம் போட்டால் அவர்களும் வந்து கட்டுவார்கள்.

தட்டியை எடுப்பதற்கு நாள் ஆகும் என்றால், மாமனார் பெயரை மட்டுமாவது இன்றே அழிக்கச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மறைந்த வரிதாரரின் மருமகள்

இணைப்பு: கடைசி வரி ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கேட்பு அறிவிப்பு ஆகியவற்றின் நகல்கள்.