கணக்கு டீச்சர் கண்டுபிடித்தது

அன்புள்ள பங்காளி,

பேத்தி காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அறுவடை ஆச்சு, அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பெரிய சேதி வேறு.

நம் கோபிசெட்டிபாளையத்துக்கு சினிமா ஷூட்டிங் புதிதா என்ன, கொடிவேரி அணையும் வாய்க்கால் பாயும் வயலும் இருப்பதால் சின்னக் கோடம்பாக்கம் என்றே பேர் வாங்கின ஊராச்சே. இந்தத் தடவை பெரியம்மா வீட்டையே வாடகைக்கு எடுத்தார்கள். முதல் நாள் ராத்திரி பார்த்தால் கூடத்து மாடத்தில் இருந்த வெள்ளி விளக்கைக் காணோம்.

அன்றைக்கு எடுத்ததை மானிட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு ஷாட்டில் மாடத்தில் விளக்கு இருக்கிறது, மேலே சுவர்க் கடிகாரம் 4 மணி காட்டுகிறது. நாலு மணிக்கு மேல் யூனிட் மொத்தமும் வாய்க்கால் கரைக்குப் போய்விட்டது, கேபிள் சுருட்ட வீட்டுக்குள் வந்தவன் ஜெனரேட்டர் வண்டிப் பையன் ஒருத்தன்தான். அவ்வளவுதான், அவன்தான் திருடன் என்று மேனேஜர் முடிவே கட்டி, தினப்படிக் காசான பேட்டாவும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். பத்தொன்பது வயசுப் பையன், அழுதுகொண்டே போனான். எனக்கு இன்னும் ஆறவில்லை. பெட்டியோடு போன பெரிய ஆட்கள் எத்தனை பேர், ஒருத்தரையாவது கேட்டார்களா?

நம் கணக்கு டீச்சரை மறந்திருக்க மாட்டாய். ரிட்டயர் ஆகி அதே தெருவில்தான் இருக்கிறார். விஷயம் காதில் விழுந்ததும் வந்து, "அந்த ஷாட்டைச் சத்தத்தோடு போடுங்க" என்றார். டப்பிங்கில் எப்படியும் பேசிக்கொள்வோம் என்று ஸ்பாட்டில் பதிவாகும் பைலட் சத்தத்தை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டீச்சர் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். வசனத்துக்குப் பின்னால், மெலிதாக, பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுகிறார்கள்! பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக் காலைப் பிரேயர் அது. சாயங்காலம் 4 மணிக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் பிரேயர் நடக்கும்? கதையில் அது மாலை என்பதால் கடிகார முள்ளைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். சினிமாவில் காட்சிகளை வரிசையாகவா எடுக்கிறார்கள், காலையிலும் மாலையிலும் அதே கூடத்தில் மாற்றி மாற்றி எடுத்ததில் எது எப்போது என்று உதவி இயக்குநருக்கே குழம்பிவிட்டது.

ஆக, விளக்கு காலைக்கும் ராத்திரிக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். டீச்சர் அதோடு விடவில்லை. பகலில் வீட்டைவிட்டு வெளியே போன சாமான் என்னென்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆர்ட் டிபார்ட்மென்ட் டிரங்குப் பெட்டி ஒன்று மத்தியானமே லாட்ஜுக்குப் போயிருந்தது. திறந்தால் துணி சுற்றி, பத்திரமாக விளக்கு. மீதிக் காட்சி சென்னையில் செட் போட்டு எடுப்பதாம், இங்கே எடுத்ததோடு அது பொருந்த, கண்டினியூட்டிக்கு, இதே விளக்கு வேண்டும் என்று உதவியாள் எடுத்து வைத்தவர் பெரியம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டார்.

மேனேஜர் சிரித்து மழுப்பப் பார்த்தார். டீச்சர் விடுவாரா! அதே லாட்ஜ் வாசலில், அத்தனை பேர் முன்னால், போனில் பையனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். பேட்டாவும் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அவன் அந்த யூனிட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்கிறான், நானும் வற்புறுத்தவில்லை.

வடபழனியில் உனக்கு அவுட்டோர் யூனிட் ஆட்கள் பழக்கம் உண்டே, ஜெனரேட்டர் வேலைக்கு நல்ல இடமாக ஒன்று விசாரித்துச் சொல். பையன் தங்கமானவன், நான் பொறுப்பு.

அன்புடன்,
உன் பங்காளி