ஆழ்குழாய்க் கிணற்றுக் குடிநீரில் யுரேனியம், கதிரியக்க அளவுகளைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் (கையொப்பங்கள் இணைப்பில்),
சிவன்மலையைச் சுற்றியுள்ள குக்கிராமங்கள்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: குடிநீருக்குப் பயன்படும் ஆழ்குழாய்க் கிணறுகளில் யுரேனியம், மொத்த ஆல்ஃபா, மொத்த பீட்டா கதிர்வீச்சு, ரேடான் என்ற கதிரியக்க வாயு ஆகியவற்றின் அளவுகளைச் சோதித்து முடிவுகளை மக்களுக்குத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தண்ணீரைப் பற்றி வரும் மனுக்களில் பல, தண்ணீர் வரவில்லை என்றுதான் இருக்கும். எங்கள் ஊர்களில் தண்ணீர் வருகிறது. வருகிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்று முழுசாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மனு.

எங்கள் மேல்நிலைத் தொட்டிகளில் இரண்டு தண்ணீர் ஏறுகிறது. ஒன்று கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் ஆற்றுத் தண்ணீர், நாங்கள் நல்ல தண்ணீர் என்று சொல்வது. இன்னொன்று ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வருகிறது. குழாய் உடைந்தாலோ கரண்ட் போனாலோ அதுவும் தள்ளிப்போகும். அந்த நாட்களில் போர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவார்கள். சில நாள் இரண்டும் கலந்தே வரும். குடத்தில் பிடிக்கும்போது எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தொட்டி இயக்குபவருக்கே தோராயமாகத்தான் தெரியும், அவரைக் குறை சொல்வதற்கில்லை.

எங்கள் அப்பாக்கள் காலத்தில் 60, 70 அடிக் கிணற்றில் ஊற்று இருந்தது. மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கி, சில மாதங்களில் கிணற்றுக்கு வந்துவிடும். இப்போது மேட்டாங்காட்டில் திருச்செங்கோட்டு போர் வண்டி வந்து நின்றால் 500 அடி வரைக்கும் வெறும் புகைதான். 1,000 அடி தாண்டி ஒரு இஞ்ச் தண்ணீர் கிடைத்தால் அன்றைக்கு வண்டிக்காரர்களுக்கு விருந்தே உண்டு. அவ்வளவு ஆழத்துத் தண்ணீர் நேற்றுப் பெய்த மழையில் வந்தது அல்ல. பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடந்து, பாறையில் உள்ளதைக் கரைத்து வைத்திருக்கும் தண்ணீர்.

எங்கள் பாறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங்கேயம் பக்கத்து மண்ணில் ராசிக்கல் கிடைப்பது ஊரறிந்த விஷயம். சிவன்மலையில் உள்ளது நெஃபிலின் சைனைட் என்ற காரப் பாறை. புவியியல் படிப்பவர்களுக்கு இந்த மலை நன்றாகத் தெரியும். சுற்றிலும் கிரானைட்டும் நைஸ் பாறையும். இந்த வகைப் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் மற்றப் பாறைகளைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது உலகெங்கும் அறிந்ததே. இதற்கும் அணு உலைக்கும் சம்பந்தம் இல்லை. 'கூடங்குளம் எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம்' என்று எங்கள் ஊரிலேயே பலர் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் நாங்கள் பேசுவது பூமி உண்டான நாளிலிருந்து கல்லில் இருக்கும் யுரேனியத்தைப் பற்றி. தண்ணீரில் பைகார்பனேட் கூடுதலாக இருந்து, ஆக்சிஜனும் சேர்ந்தால் அது கல்லை விட்டுக் கரைந்து வரும். நீர்மட்டம் இறங்க இறங்க, முன்பு தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பாறை வெடிப்புகளில் காற்று புகுவதும் இதற்குத் தோதாகிறது.

எங்கள் தண்ணீரில் யுரேனியம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் எங்களிடம் ஒரு காகிதம் கிடையாது.

கையில் உள்ள காகிதம் கடைசியாகக் கொடுத்த மாதிரிக்கு வந்த ஒரு பக்க ஆய்வறிக்கை. கலங்கல் தன்மை, பி.எச்., மொத்தக் கரைந்த உப்பு, காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு என்று வரிசையாக எண்கள், அடியில் ஒரு முத்திரை. யுரேனியத்துக்கு அதில் வரியே இல்லை. ஆனால் காரத்தன்மை என்ற வரியைப் பார்க்க வேண்டுகிறோம். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இன்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. எங்கள் போர் தண்ணீர் 200-ஐத் தாண்டி நிற்கிறது. 600-க்குள் இருப்பதால் அறிக்கையில் அது குறையாகக் காட்டப்படவில்லை. யுரேனியத்தைக் கரைப்பது இந்தக் காரத்தன்மையைத் தரும் அதே பைகார்பனேட்தான் என்பதால், எங்களுக்கு அந்த வரி சும்மா இல்லை. மாதிரி கொடுத்த இடத்தில் யுரேனியம் பார்க்க முடியுமா என்று கேட்டோம். அதற்கு இங்கே கருவி இல்லை என்று மரியாதையாகவே சொன்னார்கள். ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கும் கையடக்கச் சோதனைப் பெட்டியிலும் அதற்கு வழியில்லை. பிறகு யாரிடம்தான் கேட்பது?

யுரேனியத்துக்கு நிறம் கிடையாது. அது கரைந்திருக்கும் அளவில் மணமோ ருசியோ தெரியாது. டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் உப்பின் கணக்கு வருமே தவிர இது தனியாகத் தெரியாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், யுரேனியம் அப்படியே தங்கும். தர்மபுரி பக்கம் ஃபுளோரைடு பல்லில் மஞ்சளாகத் தெரிந்தது, எலும்பைப் பிடித்தது, கண்ணால் பார்த்தே ஊர் பேசியது, ஒகேனக்கல் திட்டமும் 2013-இல் வந்து சேர்ந்தது. இது அப்படி முகத்தில் காட்டிக் கொடுக்காது. கரைந்த யுரேனியம் கதிர்வீச்சால் செய்வதைவிட, ஒரு கன உலோகமாகச் சிறுநீரகத்துக்குச் செய்யும் கெடுதல்தான் முதலில் பார்க்க வேண்டியது என்கிறார்கள் துறை அறிந்தவர்கள். எங்கள் பக்கம் யாருக்காவது டயாலிசிஸ் என்றால், தண்ணீர்தான் காரணம் என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வலி மாத்திரை என்று அதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். அளந்த எண் ஒன்று கையில் இருந்தால் இந்தப் பேச்சு ஒரு முடிவுக்கு வரும்.

அளவுகளைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த வழிகாட்டு அளவை 2011-இல் 30 ஆக மாற்றியது. நம் நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருப்பது 60. ஐ.எஸ். 10500 தரநிலையில் மொத்த ஆல்ஃபா லிட்டருக்கு 0.1 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), மொத்த பீட்டா 1 பெக்கரல். இதில் ஒரு சிக்கல் உண்டு. 30 மைக்ரோகிராம் யுரேனியம் இருந்தால் அதுவே சுமார் 0.75 பெக்கரல் ஆல்ஃபாவைக் கொடுத்துவிடும். ஆகவே யுரேனியத்தில் தேறும் தண்ணீர் ஆல்ஃபாவில் தேறாமல் போகலாம். ஆல்ஃபா எண் என்பது, தண்ணீரில் எது இருக்கிறது என்று மேற்கொண்டு தனித்தனியாகப் பார்க்கச் சொல்லும் முதல் கட்டச் சோதனை. இதைத் தெரியாமல் ஒரே ஒரு எண்ணை வெளியிட்டால் ஊரில் வீண் பீதி கிளம்பும், அல்லது வீண் தைரியம் வரும். அதனால் இரண்டையும் அளந்து, யுரேனியத்துக்கு 30 என்ற கண்டிப்பான வரம்பையே எங்களுக்கு வைத்துப் பார்க்குமாறு கேட்கிறோம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் யுரேனியத்தைப் பார்த்து 2020-இல் அறிக்கை வெளியிட்டது, பிறகு தனியாக எதற்கு என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். அந்த அறிக்கை ஆழமற்ற நீர்த்தாங்கிகளை, அதாவது அதிக ஆழமில்லாத நிலத்தடி நீர் அடுக்குகளைப் பற்றியது, அதன் தலைப்பே அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் குடிப்பது 1,000 அடித் தண்ணீர். பக்கத்து மாநிலத்தில் கோலார், சிக்கபள்ளாப்பூர் பகுதியில் இதே மாதிரி கடினப் பாறையில் ஆழப்போன கிணறுகளில்தான் யுரேனியம் வரம்பை மீறியிருப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். நொய்யலில் சாயக் கழிவு என்ன செய்தது என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே உப்பு ஏறிய பிறகு அளந்தார்கள். இங்கே முன்கூட்டியே அளந்துவிடலாம் என்பதுதான் எங்கள் நினைப்பு.

செலவும் பெரிதல்ல. எல்.இ.டி. ஃபுளோரிமீட்டர் என்ற கருவி இந்தூரிலேயே தயாராகிறது. மேசைமேல் அடங்கும், சில மில்லி தண்ணீர் போதும், சில நிமிடத்தில் யுரேனியம் அளவைக் காட்டிவிடும். மாவட்டக் குடிநீர் ஆய்வகத்துக்கு அப்படி ஒன்றை வாங்கித் தர ஆவன செய்ய வேண்டும். அது வரும் வரை கல்பாக்கத்தில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகத்துக்கோ, நீலகிரி மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சை அளந்து கட்டுரைகள் வெளியிட்ட கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துக்கோ தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் முதல் சுற்று நடந்துவிடும் என்று நம்புகிறோம்.

மாதிரி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். யுரேனியத்துக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். இல்லையென்றால் யுரேனியம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். ரேடான் வாயு அதற்கு நேர்மாறு. கண்ணாடிப் பாட்டிலைக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து பிடித்தால் ரேடான் பாதி பறந்துபோயிருக்கும், எனவே போர் வாயிலேயே, மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பிடிக்க வேண்டும். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 3.8 நாள். பாட்டில் அலுவலக மேசையில் ஒரு வாரம் கிடந்தால் அப்புறம் அளந்து பயனில்லை. கோடையில் நீர்மட்டம் அடியில் இருக்கும்போது ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒரு தடவை என்று ஆண்டுக்கு இரண்டு சுற்று வேண்டும். போர் தண்ணீர் தனியாக ஒன்று, கலந்த பிறகு தெருக் குழாயில் ஒன்று என இரண்டு இடத்திலும் பிடிக்க வேண்டும். தனியார் ஆர்.ஓ. கேன் நிலையங்களையும் விட்டுவிடக் கூடாது. ஆர்.ஓ. யுரேனியத்தைப் பிரித்துவிடும் என்பது உண்மை. பிரித்ததெல்லாம் கழிவுத் தண்ணீரில் செறிந்து பக்கத்துப் பள்ளத்தில்தானே விழுகிறது?

ஒரு போரில் அளவு மீறி வந்தால் அதை மூடிவிடச் சொல்லவில்லை. துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம், தோல் வழியாக யுரேனியம் அவ்வளவாக உள்ளே போவதில்லை. அந்தத் தொட்டிக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீரின் பங்கைக் கூட்டினாலே பெரும்பாலும் வரம்புக்குள் வந்துவிடும். அதுவும் ஆகாத இடத்தில் சுத்திகரிப்பு நிலையம் பற்றி யோசிக்கலாம்.

முடிவு எதுவானாலும் எங்களிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் சுண்ணாம்பு அடித்து 'கடைசியாகக் கழுவிய தேதி' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே யுரேனியம், ஆல்ஃபா, பீட்டா எண்களும் சோதித்த தேதியும் வந்துவிட்டால் போதும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கிராமசபையில் அவற்றை வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற உத்தரவிட வேண்டும். பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கும் சிவன்மலை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் எந்தப் பொருள் வைத்தாலும் ஊர் உலகமே பேசுகிறது. மலையடிவாரத்துத் தண்ணீரைப் பற்றிய ஒரு பக்க அறிக்கைக்கு அந்த மரியாதையில் கால்வாசி கிடைத்தால்கூட எங்களுக்குச் சம்மதம்.

மேற்கண்ட கோரிக்கையைப் பரிசீலித்து, வரும் கோடைக்குள் முதல் சுற்று மாதிரி எடுக்க உரிய துறைகளுக்கு உத்தரவிடுமாறும், எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மாதிரி எடுக்க வருபவர்களுக்குப் போர் இருக்கும் இடங்களைக் காட்டவும், மோட்டார் அறைச் சாவியோடு காத்திருக்கவும் எங்கள் இளைஞர்கள் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்

இடம்: காங்கேயம்

இணைப்பு:
குடிநீருக்குப் பயன்படும் போர்களின் ஆழமும் இருப்பிடமும் குறித்த பட்டியல், கடைசி நீர் ஆய்வறிக்கையின் நகல், கையொப்பப் பட்டியல்.