பெட்டகத்தைத் திறக்கும் முன் காதுக்கவசம்

அன்பு மகள் மீனாட்சிக்கு,

அப்பா எழுதுவது. ஹூஸ்டன் வீட்டில் மாப்பிள்ளை 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வாங்கிப் படுக்கையறைப் பெட்டகத்தில் வைத்திருப்பதாகச் சொன்னாய். வாங்கியது சரியா தப்பா என்பதைப் போனிலேயே பேசியாயிற்று. இந்தக் கடிதம் காதைப் பற்றி மட்டும். எழுத்தில் இருந்தால் வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம். மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு.

தீபாவளி வெடிக்கு இந்தியாவில் உள்ள வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 145 டெசிபல் உச்சம். 9 மில்லிமீட்டர் பிஸ்டல், சுடுகிறவர் காதருகே ஏறத்தாழ 160. பதினைந்துதானே கூட என்று நினைக்காதே. 20 டெசிபல் கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்கு, 15 கூடினால் ஐந்து மடங்குக்கும் மேல். வீட்டு நடையிலோ படுக்கையறையிலோ சுட்டால் சுவரும் கூரையும் அதே ஒலியைத் திருப்பி அடிக்கும். அமெரிக்கத் தொழிலிட விதி வெடியொலிக்கு வைத்திருக்கும் உச்சம் 140. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 120.

பெருஞ்சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு சிறு தசை இறுகிக் காதைக் காக்கப் பார்க்கும். அது இறுகப் பல பத்து மில்லிசெகண்டு ஆகிவிடும். துப்பாக்கியொலியின் உச்சமோ ஒரு மில்லிசெகண்டுக்குள் உள்ளே போய் அடித்துவிடுகிறது. அடிபடுவது உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட காக்ளியாவிலுள்ள, ஒலியை உணரும் மயிர்செல்கள். மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்சுருதி. குரல் கேட்கும், சொல் பிடிபடாது. ‘தட்டு’ என்றாயா ‘பட்டு’ என்றாயா என்று திரும்பக் கேட்க வேண்டிவரும். குழந்தைகளின் மெல்லிய பேச்சுதான் முதலில் நழுவும். கூடவே ‘ங்ங்’ என்ற இரைச்சல் வந்தால் சிலருக்கு ஆயுசுக்கும் நிற்பதில்லை.

ஆபத்தான நேரத்தில் சுட்டவர்கள் சிலர் “சத்தமே கேட்கவில்லை” என்பார்கள். உண்மைதான், பதற்றத்தில் மூளை ஒலியைக் கவனிக்காமல் விடுகிறது. காக்ளியா வாங்கும் அடியில் அதனால் துளியும் குறையாது. “அந்த நேரத்தில் காதுக்குக் கவசம் எதற்கு” என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லு.

வீட்டுக்கு வாங்க வேண்டியது மின்னணு இயர்மஃப், அதாவது இரு காதையும் மேலிருந்து மூடும் கவசம். வெளியே மைக் இருக்கும். காலடி, கதவுக் கிறீச்சு, பக்கத்தில் பேசுகிறவர் குரல் எல்லாவற்றையும் பெரிதாக்கித் தரும். சத்தம் ஏறத்தாழ 82 முதல் 85 டெசிபலைத் தாண்டுகிற இடத்தில் பெருக்குவதை நிறுத்திவிடும். வெடியைத் தடுப்பது அதன் மூடியும் மெத்தையும். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று காட்ட, பெட்டியில் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மின்னணு வகையில் 22 முதல் 26 வரை வழக்கம். ஆய்வகத்தில் சரியாகப் பொருத்தி, தொடர் ஓசைக்கு அளந்த எண் அது. கண்ணாடிக் காம்போ தலைமுடியோ மெத்தைக்கு அடியில் சிக்கினால் பல டெசிபல் கசிந்துவிடும். மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடி உண்டல்லவா, காம்பு மெல்லிய சட்டமாக இருக்கட்டும்.

அதைப் பெட்டகத்துக்குள் பூட்டாதே, மேலேயே வை. முதலில் இயர்மஃப், பிறகு பெட்டகம். இருட்டில் மூன்று வினாடியில் மாட்டப் பழக வேண்டும். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்த துப்பாக்கியோடு ஒத்திகை பாருங்கள். நான் அதிகம் நம்புவது பூட்டிய கதவையும் 911 அவசர உதவி எண்ணையும்தான். பேத்திக் குட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஒரே அறைக்குள் போய், கதவைப் பூட்டி, போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுங்கள். 911-இல் பேசுகிறவர் குரலையும் இயர்மஃப் எடுத்துத் தரும். ஆனால் ஒலி முன்னிருந்து வருகிறதா பின்னிருந்தா என்று அதில் சரியாகத் தெரியாது. காலடி எந்தப் பக்கம் என்று காதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. டார்ச் அடித்து, யார் என்று கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பெரும்பாலும் இரண்டு ஏஏஏ பேட்டரி போடுவார்கள். சில நாலு மணி நேரத்தில் தானாக அணையும், சில அணையாது. மாற்றிய தேதியைப் பேட்டரி மூடியிலேயே எழுது. பேட்டரி தீர்ந்தாலும் வெடியொலியைத் தடுக்கும், ஆனால் உன் குரல் மாப்பிள்ளைக்குச் சரியாகக் கேட்காது. டெக்சாஸ் வெயிலில் காருக்குள் போட்டுவைத்தால் மெத்தை இறுகி விரிசல் விடும். இறுகிய மெத்தை காதோடு ஒட்டாது, உடனே மாற்றிவிடு. இயர்மஃப் மூன்று வேண்டும்: உனக்கு, மாப்பிள்ளைக்கு, குட்டிக்கு. அவளுக்குச் சிறுவர் அளவு, மின்னணு வேண்டாம். பெரியவர்களுடையது அவள் தாடையருகே இடைவெளி விடும்.

சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சுக்குப் போகும்போது இயர்மஃப் மட்டும் போதாது. உள்ளே ஃபோம் அடைப்பான், மேலே இயர்மஃப். இரண்டும் கூட்டல் கணக்கில் வராது, இரண்டில் உயர்ந்த என்.ஆர்.ஆர். எண்ணோடு 5 சேர்த்துக்கொள்ளலாம். ஃபோமைச் சுத்தமான விரலால் மெல்லிய குச்சி மாதிரி உருட்டு. மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழு. செருகி 30 வினாடி பிடித்துக்கொள். உள்ளங்கையால் காதைப் பொத்தித் திறந்து பார். சத்தம் பெரிதாக மாறினால் சரியாக இறங்கவில்லை. பாதி வெளியே துருத்தி நிற்பதுதான் எங்கும் நடக்கும் தப்பு.

சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கி முனையில் மாட்டும் சைலன்சர் டெக்சாஸில் சட்டப்படி வாங்கலாம். கூட்டாட்சி அரசின் பதிவும் கைரேகையும் இன்னும் வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் 200 டாலர் வரி மட்டும் கிடையாது. 20 முதல் 35 டெசிபல் குறைக்கும். அப்போதும் 125க்கு மேல்தான் நிற்கும், இயர்மஃபைக் கழற்ற முடியாது.

கவசமில்லாமல் சுட நேர்ந்து காது அடைத்தாலோ இரைந்தாலோ, தானே சரியாகும் என்று காத்திருக்காதே. அன்றே, தப்பினால் மறுநாள், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார். ஸ்டீராய்டு தர வேண்டுமென்றால் முதல் சில நாட்களிலேயே தொடங்குவது நல்லது. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஊற்றவே ஊற்றாதே, செவிப்பறை கிழிந்திருக்கலாம்.

மாப்பிள்ளை முதல் தடவை ரேஞ்சுக்குப் போகும் முன் நீங்கள் இருவரும் ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, எடுத்துவிடுங்கள். 8000 ஹெர்ட்ஸ் வரை, 3000மும் 6000மும் விடாமல் எடுக்கச் சொல்லு. அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா