உள்ளதைச் சொன்னவருக்கு ஏழு குண்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ஃபிலாண்டோ கஸ்டீல் என்பவரைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திவிட்டார்கள்: "துப்பாக்கி வைத்திருந்ததால் போலீஸாரால் சுடப்பட்டவர்." அந்த "வைத்திருந்ததால்" மனதை உறுத்தியது. நான் பல வருடங்களாக மினசோட்டாவில் இருக்கிறேன். கஸ்டீல் சுடப்பட்ட லார்பன்டர் சாலை, ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாநிலப் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போகும்போது நாங்கள் கடக்கிற சாலைதான்.

கஸ்டீலுக்கு 32 வயது. செயின்ட் பாலில் ஒரு மாண்டிசோரி பள்ளியின் உணவுக்கூடத்தில் மேற்பார்வையாளர். பிள்ளைகளுக்கு அவர் 'மிஸ்டர் ஃபில்'. துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான உரிமத்தை முறைப்படி வாங்கி வைத்திருந்தார். 2016 ஜூலை 6 இரவு, பின்விளக்கு எரியவில்லை என்று சொல்லி அவருடைய காரை நிறுத்தினார்கள். உண்மையான காரணம் வேறு. முன்பு நடந்த ஒரு கொள்ளையில் தேடப்பட்டவரைப் போல அவருடைய மூக்கு அகலமாக இருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார் அந்த அதிகாரி. கஸ்டீல் கறுப்பினத்தவர். அதற்கு முன் 13, 14 வருடங்களில் ஏறக்குறைய 50 தடவை இப்படி நிறுத்தப்பட்டவர்.

அடுத்து நடந்தது போலீஸ் காரின் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதிகாரி லைசென்ஸையும் இன்ஷூரன்ஸையும் கேட்கிறார். இன்ஷூரன்ஸ் அட்டையை எடுத்துக் கொடுக்கிறார் கஸ்டீல். பிறகு, "சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்" என்கிறார். குரலில் பதற்றமே இல்லை. "அப்படியானால் அதை எடுக்காதீர்கள்" என்கிறார் அதிகாரி. "எடுக்கவில்லை" என்கிறார் இவர். பக்கத்தில் இருந்த தோழியும் அதையே சொல்கிறார். "எடுக்காதே!" என்ற அதிகாரியின் கத்தலோடு ஏழு குண்டுகள். துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னதிலிருந்து முதல் குண்டு வரைக்கும் பத்து விநாடிகூட ஆகவில்லை. பின்சீட்டில் தோழியின் நாலு வயது மகள். கஸ்டீல் அன்றிரவே இறந்துபோனார்.

மினசோட்டா சட்டப்படி, போலீஸ் கேட்டால்தான் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டும். கஸ்டீல் கேட்காமலே சொன்னார். மரியாதையாக நடப்பதாக நினைத்திருப்பார். சுட நினைப்பவன் "சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று முன்கூட்டியே அறிவிப்பானா?

எனக்குப் பிடிபடாதது, அந்தப் பத்து விநாடியில் அவர் கையை எங்கே வைத்திருக்க வேண்டும் என்பதுதான். லைசென்ஸைக் காட்டு என்பது முதல் உத்தரவு. எடுக்காதே என்பது இரண்டாவது. முதல் உத்தரவை யாரும் வாபஸ் வாங்கவில்லை. லைசென்ஸ் பர்ஸில் இருக்கும், பர்ஸ் பாக்கெட்டில் இருக்கும். அவருடைய துப்பாக்கி இருந்ததும் அரைக்கால் சட்டையின் பாக்கெட்டில்தான். ஒரு உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தால் இன்னொன்றை மீறியதாகத் தெரியும்.

எனக்கும் ஒரு சின்ன அனுபவம் உண்டு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனதற்காக ஒருமுறை நிறுத்தினார்கள். வண்டியின் பதிவுச் சீட்டைக் கேட்டார் அதிகாரி. நம் ஊர்ப் பழக்கத்தில் சட்டென்று குனிந்து டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவருடைய கை இடுப்பு உறை மேல் இருக்கிறது. என்னிடம் இருந்தது பதிவுச் சீட்டும் இரண்டு மிட்டாயும். "மெதுவாக" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு என் தோல் நிறமும் உச்சரிப்பும் என்னைக் காப்பாற்றினவா, அல்லது அவர் நல்ல மனிதரா, தெரியாது.

போலீஸ்காரருக்கு பயம் இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இருட்டில் முன்பின் தெரியாத வண்டியை நோக்கி நடக்கிறவர் அவர். ஆனால் அந்த பயத்துக்கு உச்ச நீதிமன்றம் 1977-லேயே ஒரு வழி கொடுத்திருக்கிறது. பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கில், முறையாக நிறுத்திய வண்டியிலிருந்து ஓட்டுநரை இறங்கச் சொல்ல வேறு காரணமே வேண்டாம் என்று தீர்ப்பானது. மிம்ஸிடமும் துப்பாக்கி இருந்தது. இறங்கச் சொன்னார்கள், கோட்டுக்கு அடியில் புடைப்பைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். யாரும் சாகவில்லை. "கையை ஸ்டியரிங்கில் வையுங்கள், லைசென்ஸ் அப்புறம்" என்று கஸ்டீலிடம் சொல்ல எத்தனை விநாடி ஆகியிருக்கும்?

கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த மாநிலங்களும் அடங்கிய நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஜனவரியில் ராபின்சன் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. முறையாக நிறுத்தப்பட்டவரிடம் துப்பாக்கி இருப்பதாக போலீஸ் நியாயமாகச் சந்தேகித்தால் அவரைத் தடவிச் சோதிக்கலாம். அது உரிமத்தோடு வைத்திருக்கும் துப்பாக்கியாகவே இருந்தாலும் சரி. ஆயுதம் இருந்தாலே ஆபத்தானவர் என்று கணக்கு. மிச்சிகன், ஒஹாயோ அடங்கிய ஆறாவது வட்டார நீதிமன்றமோ 2015-ல் டொலீடோ நகர வழக்கில் கிட்டத்தட்ட நேர்மாறாகச் சொல்லியிருந்தது: சட்டமே அனுமதிக்கிற ஒன்றைச் செய்கிறவரை அதற்காகவே சந்தேகிக்க முடியாது. ஆக, ஒரே துப்பாக்கி, ஒரே மனிதர். மாநில எல்லையைத் தாண்டினால் மதிப்பு மாறுகிறது. மிச்சிகனில் நிறுத்திய உடனே நீங்களாகவே சொல்ல வேண்டும். ஒஹாயோவில் 2022-லிருந்து கேட்டால் சொன்னால் போதும். டெக்சாஸில் 2021-லிருந்து உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருகிற ஊர்க்காரர்களான நமக்கு இதெல்லாம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

சுட்ட அதிகாரியை 2017 ஜூனில் ஜூரி விடுதலை செய்தது. கஸ்டீலின் தாயாருக்குச் சுமார் 30 லட்சம் டாலர் இழப்பீடு தந்தார்கள். தோழிக்குத் தனியாக 8 லட்சம். துப்பாக்கி உரிமைக்காக நாடு முழுக்கக் குரல் கொடுக்கிற தேசியத் துப்பாக்கிச் சங்கம், உரிமம் பெற்ற இந்த மனிதருக்காகப் பெரிதாக வாய் திறக்கவில்லை. உரிமம் எல்லாருக்கும் ஒரே அட்டைதான், அதை நீட்டுகிற கையைப் பார்த்துத்தான் எடை போடுகிறார்கள் போலிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வெள்ளைக்காரர், உரிமம் வைத்திருப்பவர். அவருடைய காரில் சூரிய மறைப்புத் தட்டில் ஒரு கிளிப் மாட்டி, ஓட்டுநர் உரிமத்தையும் துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துச் செருகியிருக்கிறார். கஸ்டீல் விஷயத்துக்குப் பிறகு ஆரம்பித்த வழக்கம் என்றார்.

என் மகனுக்கு இப்போது பதினாறு. எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது, வரப்போவதும் இல்லை. ஆனாலும் போன மாதம் கராஜில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு, நான் டார்ச்சோடு போலீஸ்காரராக நின்றேன், அவன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தான். "லைசென்ஸ்" என்றேன். பர்ஸ் பின் பாக்கெட்டில் இருந்தது. உடம்பை வளைத்து எடுக்கப் போனான். "இறங்கு, முதலில் அதை வெளியே எடுத்து வை" என்று சொல்லி, மறுபடி ஆரம்பித்தோம்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
செயின்ட் பால், மினசோட்டா