கிணற்று மீனும் ரெட்டேரிப் பயணமும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்த வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கண்ணில்லாத மீனைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அது கட்டுக்கதை இல்லை. கேரளத்துக் கிணறுகளில் கிடைத்த ஒரு சின்னக் கெளுத்தியைப் புதிய இனம் என்று 2023-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பெயர் ஹோராக்ளானிஸ் பாப்புலி. விரல் நீளம்கூட இருக்காது. வெளிச்சம் எட்டாத நிலத்தடி நீரில் வாழ்வதால் அதற்குக் கண்ணும் இல்லை, தோலில் நிறமும் இல்லை. உள்ளே ஓடும் ரத்தம் வெளியே தெரிவதால் உடம்பு முழுக்கச் சிவப்பு. மீசையால் தடவித்தான் இருட்டில் இரை தேட வேண்டும்.

இன்னொரு நிலத்தடி மீன், நாம் குழம்பு வைக்கும் விராலுக்குத் தூரத்துச் சொந்தம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு மலப்புறம் மாவட்டத்தில் ஒரு வயலில் தென்பட்டது. சந்தையில் தண்ணீருக்கு வெளியேயும் விரால் நெடுநேரம் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்; காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி உறுப்பு இருப்பதுதான் காரணம். நிலத்தடியில் வாழும் இந்த மீனுக்கு அந்த உறுப்பே கிடையாது.

இதில் என்னை நெகிழவைத்தது வேறு. இப்படிப்பட்ட மீன்களில் பலவற்றை முதலில் பார்த்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். கிணறு தூர்வாரியவர்களும் வீட்டுக் குழாயைத் திறந்தவர்களும்தான். ஏதோ புழு என்று கொட்டிவிடாமல், தெரிந்தவர்களிடம் காட்டினார்கள்.

அதனால் பிள்ளைகள் விநோதமான பூச்சியையோ மீனையோ காட்டினால் "தூக்கிப் போடு" என்று அதட்டாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து, இடமும் தேதியும் எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஆனால் மீன் தேடுகிறேன் என்று பக்கிங்காம் கால்வாயிலோ ஓட்டேரி நல்லா ஓடையிலோ யாரும் இறங்கக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

அப்புறம், கொளத்தூரில் வாங்கிய தொட்டி மீன் அலுத்துப்போனால் ஏரியில் விட வேண்டாம். பாவம் பார்த்துத்தான் விடுகிறோம். ஆனால் தொட்டியைச் சுத்தம் செய்யும் அந்தச் சக்கர் மீன் அழுக்குத் தண்ணீரிலும் பெருகி, நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

வரும் சனிக்கிழமை காலை எட்டாம் வகுப்பை ரெட்டேரிக்கு அழைத்துப் போகிறோம். கரையில் நின்று பார்ப்பதோடு சரி, தண்ணீரில் இறங்கமாட்டார்கள். தொப்பியும் குடிதண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். இத்துடன் உள்ள அனுமதிச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்