மாஸ்டர், என் ஓட்டு வராது

மாஸ்டர்,

குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் இறந்து ஒரு வருடம் ஆனதை ஒட்டி, பழைய பசங்க எல்லோரிடமும் தலைசிறந்த பத்து ஹெவிவெயிட் வீரர்களின் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். நான் அனுப்பப் போவதில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன், நமக்குள் எப்போதும் அப்படித்தான். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நம் பசங்களும் படிப்பார்கள் என்பதால் யார் பெயரையும் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

செலக்‌ஷனுக்கு முந்தின வாரம் எங்களை உட்கார வைத்து ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த ஃபைட்டைப் போட்டுக் காட்டினீர்கள். 1973 ஜனவரி 22. ஜோ ஃப்ரேசியர் அதுவரை தோற்றதே இல்லை, இரண்டு வருடம் முன்பு முகமது அலியையே வென்றவர். அவரை ஃபோர்மன் இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை விழ வைத்தார். ஃப்ரேசியர் தடுமாறி எழுந்து நிற்கிற ஒரு இடத்தில் நீங்கள் வீடியோவை நிறுத்தினீர்கள். திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். "இவர்தான் நீ" என்றீர்கள். அப்புறம் நம் ஜிம்மிலேயே எனக்குப் போட்டியாக இருந்தவனைக் காட்டி, "ஃபோர்மன்தான் இவன்." பசங்க சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. மறு வாரம் அவனை அனுப்பினீர்கள்.

நான் குள்ளம், தலையை ஆட்டி ஆட்டி உள்ளே புகுகிறவன், இடது கையை வளைத்துப் போடும் லெஃப்ட் ஹூக்கை நம்பியே நின்றவன். அவனுக்கு நீளமான கை. பயிற்சிச் சண்டையில் என்னைப் புரட்டி எடுத்திருக்கிறான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவனைத் திணறவிட்ட அந்த இடதுகைக்காரனை நான் மூன்று ரவுண்டும் கயிற்றோரம் நிறுத்தி அடித்ததை நீங்களும் பார்த்தீர்கள். செலக்‌ஷனில் எதிரே வந்தது யார்? ஒரு இடதுகைக்காரன். அவன் தோற்றுத் திரும்பியபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். கொஞ்சம் இருந்தது. அதற்காக அவனிடம் தனியாகப் பேசிவிட்டேன், அது எங்களோடு இருக்கட்டும்.

நீங்கள் காட்டியது பொய் என்று சொல்லவில்லை மாஸ்டர். ஃப்ரேசியர் குனிந்து வருகிறவர். ஃபோர்மன் இரண்டு கையாலும் ஆளைத் தள்ளி தூரத்தைத் தனக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வார், அப்புறம் குனிந்து வரும் தலைக்குக் கீழேயிருந்து அப்பர்கட். ஃப்ரேசியருக்கு அங்கே வழியே இல்லை. 1976-ல் மறுபடி மோதினார்கள், ஐந்தாவது ரவுண்டில் முடிந்தது. இது வரைக்கும் நீங்கள் சொன்னது சரி. ஆனால் வீடியோவை அங்கேயே நிறுத்திவிட்டீர்களே, அதுதான் என் கோபம்.

கென் நார்ட்டனைப் பாருங்கள். 1973 மார்ச்சில் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தவர். மூன்று முறை அலியோடு மோதினார், ஒரு தடவைகூட அலியால் அவரைச் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது எளிமையான விஷயம்: அலி முன் கையால் நேராக ஜாப் போடும் அதே நொடியில் நீயும் ஜாப் போடு. கையைத் தாழ்த்திப் பின்னால் சாய்கிற அலிக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. அதே நார்ட்டன் மறு வருடம் கராகஸில் ஃபோர்மனிடம் இரண்டு ரவுண்டு நிற்கவில்லை. பலமாக அடிக்கிறவர்கள் முன்னால் நார்ட்டன் வேறு ஆள். பின்னாளில் ஷேவர்ஸிடம் முதல் ரவுண்டு, கூனியிடம் 54 விநாடி. சரி, கணக்குப் போடுங்கள். ஃப்ரேசியர், நார்ட்டன் இருவரும் அலியை வென்றார்கள். இருவரையும் ஃபோர்மன் ஆளுக்கு இரண்டு ரவுண்டில் முடித்தார். அப்படியானால் 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவில் கின்ஷாசாவில் ஃபோர்மன் முன்னால் அலி எத்தனை ரவுண்டு நின்றிருக்க வேண்டும்? எட்டாவது ரவுண்டில் கீழே கிடந்தது ஃபோர்மன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். அலி அன்று கயிற்றில் சாய்ந்து, முகத்தை மறைக்கக் கைகளை ஏற்றி, அடியை வாங்கிக்கொண்டே ஃபோர்மனைக் களைக்க வைத்தார். அது கைவேலை மட்டுமில்லை. அந்தக் கையின் அடியை வேண்டுமென்றே வாங்குவதற்கு ஒரு மனசு வேண்டும், அது ஜிம்மில் அளக்கிற விஷயமில்லை. ஃபோர்மனின் மனசும் அப்போது வேறு, 40 ஃபைட்டில் 40 வெற்றி, ஐந்தாவது ரவுண்டைத் தாண்டி யோசிக்க வேண்டிய தேவையே பல காலமாக வராத ஆள்.

மனசைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் டைசனைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்திய பஸ்டர் டக்ளஸுக்கு, அந்த ஃபைட்டுக்குச் சில வாரம் முன்புதான் அம்மா இறந்திருந்தார். அதே டக்ளஸ் எட்டு மாதம் கழித்து உடம்பு பெருத்து வந்து ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் விழுந்தார். இந்த இரண்டு டக்ளஸில் எவரைப் பட்டியலில் போடுவது? லென்னக்ஸ் லூயிஸை 1994-ல் இரண்டே ரவுண்டில் சாய்த்த ஆலிவர் மெக்கால், 1997-ல் அதே லூயிஸ் முன்னால் கையைத் தொங்கவிட்டு ரிங்குக்குள்ளேயே அழுதார். அந்தக் காட்சியைப் பார்த்து நாங்கள் யாரும் சிரிக்கக் கூடாது என்று அதட்டினீர்கள். உங்களை எனக்கு மிகவும் பிடித்த நாள் அது.

அப்படிப்பட்ட நீங்கள், எங்கள் வீட்டில் அது நடந்த வாரத்தில் நான் தோற்ற ஃபைட்டை மட்டும் ஏன் கணக்கில் எடுத்தீர்கள்? வீட்டில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். அன்று எனக்குக் கைக்கட்டு சுற்றும்போது உங்கள் விரல் நடுங்கியது, வேண்டாம் என்றால் போய்விடலாம் என்று காதருகே சொன்னீர்கள். நான்தான் பிடிவாதமாக ஏறினேன். அவ்வளவு தெரிந்த மனிதர், இரண்டு மாதம் கழித்து "அவனிடம் நீ இரண்டாவது ரவுண்டில் விழுந்தவன்தானே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஜிம்மை விட்டுப் போனது உங்களுக்கு வலித்திருக்கும், அதற்கு மன்னியுங்கள். போனதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

ராக்கி மார்சியானோதான் முதலிடம், 49-0, அதாவது 49 ஃபைட்டும் வெற்றி, இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பீர்கள். பேச நிறைய இருக்கிறது. 1952-ல் வால்காட்டிடம் பட்டத்தைப் பறித்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார், ஜெயித்தது 13-வது ரவுண்டில். இன்று பட்டப்போட்டி 12 ரவுண்டு. இன்றைய விதியில் அந்த 49-0 இல்லை. எடையும் அப்படித்தான், அவர் சுமார் 85 கிலோ, இன்றைக்கு ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான க்ரூசர்வெயிட்டில் நிற்க வேண்டியவர். ஹெவிவெயிட் என்பது மேல் வரம்பே இல்லாத எடைப்பிரிவு. சரி, உயரமும் எடையும்தான் எல்லாம் என்று திருப்பிச் சொல்லலாம் என்று பார்த்தால், க்ரூசரிலிருந்து ஏறி வந்த உசிக் 2024-ல் ஒரே வருடத்தில் இரண்டு தடவை ஃப்யூரியை வென்றுவிட்டார். ஃப்யூரி ஆறடி ஒன்பது அங்குலம். எந்தப் பக்கம் அளவுகோலை வைத்தாலும் யாராவது ஒருவர் அதை உடைக்கிறார்கள்.

உங்கள் ஃபோர்மனுக்கே வருகிறேன். கின்ஷாசாவுக்குப் பிறகு கயிறு தளர்ந்திருந்தது, தண்ணீரில் என்னவோ கலந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 1977-ல் ஜிம்மி யங்கிடம் தோற்று, விலகி, பிரசங்கியாகி, பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தார். வேகம் போயிருந்தது. ஆனால் ரவுண்டுக்கு நடுவில் ஸ்டூலில்கூட உட்காராமல் நிற்பார், அவசரமே இல்லை. 1994 நவம்பரில் 45 வயதில், ஒன்பது ரவுண்டு அடி வாங்கி, பத்தாவதில் ஒரு சின்ன ரைட்டில் மைக்கேல் மூரரைச் சாய்த்தார். கின்ஷாசாவில் போட்ட அதே அரைக்கால்சட்டையோடு. நீங்கள் அனுப்பிய படிவத்தில் ஃபோர்மனுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. 24 வயசுக்காரரை எழுதினால் பொறுமையை விட வேண்டும், 45 வயசுக்காரரை எழுதினால் கிங்ஸ்டனை விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிம்முக்கு வருகிறேன். இடம் இருந்தால் மூரர் ஃபைட்டை முதலிலிருந்து போடுங்கள், பத்தாவது ரவுண்டுக்குத் தாவ வேண்டாம். மூரர் இடதுகைக்காரர் மாஸ்டர். அவரைத் தன் ரைட்டுக்கு முன்னால் வந்து நிற்க வைக்க ஃபோர்மன் ஒன்பது ரவுண்டாக என்ன செய்தார் என்று பேசலாம். அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அவனையும் வரச் சொல்லுங்கள்.