கேக் எந்தக் கடையில் வாங்கினது?

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனைத்தான் நீ எடுப்பதில்லையே. 39 வருஷம் ஊரார் கடிதங்களைப் பிரித்துப் பிரித்துப் பைக்குள் போட்டவன் நான். என் பிள்ளைக்கு ஒன்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டித் தோண்டி ஓட்டேரி, பட்டாளம் பக்கம் தெருவே அடையாளம் தெரியவில்லை. பாப்பாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

உன் பிறந்தநாள் போட்டோவை எதிர்வீட்டு அக்கா போனில் காட்டினார்கள். நீ நன்றாக இருக்கிறாய், சட்டையும் நன்றாக இருக்கிறது. கேக் பெரிய கேக் போலிருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கினது? எதை வைத்து வெட்டினாய் என்றுதான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி பவர் மாறிவிட்டது. அக்காவிடம் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிக் கேட்கவும் மனசு வரவில்லை. அவர்களும் ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ராத்திரியில் பைக் எடுக்காதே. பெங்களூரில் மழை என்றால் சேற்றில் வழுக்கும்.

அந்த நண்பர்கள் யார்? ஆபீஸ் பையன்களா, ரூமில் இருக்கிறவர்களா? கையில் சங்கிலி போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறவன் யார்? சும்மாதான் கேட்கிறேன். 2018இல் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவில் போலீஸ் புகுந்து எழுபது பேருக்கு மேல் பிடித்ததே, நினைவிருக்கிறதா? அன்றைக்கும் கேக்தான். அரிவாளில் வெட்டின கேக். வேடிக்கை பார்க்கப் போன பையன்களும் அதில் இருந்திருப்பார்கள். 'போட்டோவுக்காகத்தான் சார்' என்றால் ஸ்டேஷனில் யார் கேட்பார்கள்? இங்கே 1982இல் வந்த குண்டர் சட்டத்தில் உள்ளே வைத்தால் ஒரு வருஷத்துக்கு ஜாமீன் கிடையாது. உங்கள் ஊரில் என்ன சட்டமோ. நீ படித்தவன், உனக்கே தெரியும்.

சரி, நீ சின்னப் பையனாக இருந்தபோது மடியில் உட்கார்ந்துகொண்டு "அப்பா, நீ பஸ் மேலே ஏறியிருக்கியா?" என்று கேட்பாய். நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவேன். இப்போது சொல்கிறேன். ஏறியிருக்கிறேன்.

ஒரு பஸ் ரூட்டில் வரும் மாணவர்களுக்குத் தலைவனாக இருப்பவனை இன்றைக்கு ரூட்டு தல என்கிறார்கள். எங்கள் நாளில் அண்ணன் என்பதோடு சரி. பெரம்பூர் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் கடைசி வருஷ மாணவன் ஒருவன் இருப்பான். ஃபுட்போர்டில் முதல் படி அவனுக்கு. அவன் தகரத்தில் தட்டினால்தான் கானா ஆரம்பிக்கும். கண்டக்டர் சத்தம் போட்டால் அவன்தான் சமாதானம் பேசுவான். 1985இல் அந்த அண்ணன் நான்தான். உனக்குச் சிரிப்பு வரும். ஸ்டெப் கட்டிங், காது மூடின முடி, பெல்பாட்டம் போய் பேகி வந்த நேரம். உன் தாத்தா பி அண்ட் சி மில்லிலிருந்து பஞ்சுத் தூசியோடு வந்து என் தலையைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார், சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

எங்களுக்கு எதிரி யார் என்று நினைக்கிறாய்? இன்னொரு கல்லூரிப் பையன்கள் என்று வெளியில் சொல்வோம். ஆனால் பாதிச் சண்டை எங்கள் கல்லூரிக்குள்ளேயே நடந்தது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவன், அவன் வேறு ரூட்டு என்பதால் எதிரி. காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது. போன வருஷத்து அண்ணன் அடி வாங்கியிருப்பார், அதை இந்த வருஷம் நாம் தீர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பஸ் டே முதலில் நல்ல விஷயமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். வருஷம் பூராவும் நம்மைச் சுமந்த பல்லவன் பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சந்தனம் பூசி, காசு சேர்த்து வாட்ச்சோ சட்டையோ கொடுப்போம். கண்டக்டர்கள் கண் கலங்குவார்கள். அது எப்போது கூரை மேல் ஏறுகிற திருவிழாவானது என்று எனக்கு நாள் சொல்லத் தெரியவில்லை. ஏறினவர்களில் நானும் ஒருவன். உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகும் பின்னால் வந்த பையன்கள் விடவில்லை. 2019இல் டிரைவர் பிரேக் போட்டதும் கூரையிலிருந்து பையன்கள் கொத்தாக விழுந்ததை டிவியில் காட்டினார்கள். அடுத்த மாதமே 29இ பஸ்ஸுக்குள் பட்டாக்கத்தி. எங்கள் நாளில் சைக்கிள் செயின், சோடா பாட்டில், கல். அதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. சோடா பாட்டிலும் கண்ணை எடுக்கும்.

உன் தாத்தாவுக்கு இதெல்லாம் சண்டையே கிடையாது. குத்துச்சண்டையில் அவர் சார்பட்டா பரம்பரை ஆள். இடியாப்ப நாயக்கர் பரம்பரையோடு மேடையில் மோதினால் சாப்பாட்டை மறந்துவிடுவார். 1980இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தபோது என்னையும் சித்தப்பாவையும் நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனார். எதிரே ஜிம்மி எல்லிஸ். சித்தப்பாவுக்கு 12 வயசு, தாத்தா தோளில் உட்கார்ந்துதான் பார்த்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தாத்தா ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்: எதிராளி கையிலும் கிளவுஸ் இருக்கிறது பார்த்தியா, பார்த்தியா என்று. எனக்கு அன்றைக்குத் தூக்கம்தான் வந்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஹோட்டல் சாப்பாட்டில் சோடா உப்பு போடுவார்கள்.

சித்தப்பாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் முடிந்துவிட்டது.

1986 பிப்ரவரி, பஸ் டே. சித்தப்பாவை வரச் சொன்னது நான். அவனாக வந்தான் என்றுதானே வீட்டில் பேச்சு? நான்தான் வரச் சொன்னேன். கூரை மேல் அண்ணன் நிற்பதைத் தம்பி பார்க்க வேண்டும் என்று ஆசை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஊர்வலம் வரும்போது எதிர்த் தரப்பிலிருந்து கல் வந்தது. நாங்களும் சும்மா இல்லை. அரைமணிக்கு முன்னால் மாலை போட்ட அதே கண்டக்டர் படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சந்தனமும் ரத்தமும் ஒன்றாகச் சட்டையில் வழிந்தது. கையில் நாங்கள் கொடுத்த புது வாட்ச்.

என் கையில் மஞ்சள் பை. உள்ளே இரண்டு செயின், மூன்று பாட்டில். போலீஸ் வேன் திரும்புவது தெரிந்தது. பையைச் சித்தப்பாவிடம் கொடுத்து, "இதை எடுத்துக்கிட்டு ஆயா வீட்டுக்குப் போ, சின்னப் பையன் உன்னை யாரும் கேட்க மாட்டாங்க" என்றேன்.

அவனுக்குப் பதினெட்டு முடிந்து இருபது நாள்.

நான் எதிர்ப்பக்கம் டீக்கடைக்குள் போய் நின்றுகொண்டேன். அவனை வேனில் ஏற்றும்போது என்னை ஒரு தடவை பார்த்தான். பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், போலீஸ்காரர் கண் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று. நான் டீ கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்ததே பழைய ஜெயில், அங்கே 22 நாள். 2006இல் அதைப் புழலுக்கு மாற்றிவிட்டார்கள், 2009இல் இடித்தும் விட்டார்கள். இப்போது அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. உன் அம்மாவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறேன். அம்மாவுக்கும் தெரியாது.

கேஸ் நாலு வருஷம் இழுத்தது. சாட்சி இல்லை, விடுதலை. ஆனால் பிளஸ் டூ போச்சு. ஒவ்வொரு தீபாவளிக்கும் தேர்தலுக்கும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். மூட்டை தூக்கப் போனான். கொத்தவால்சாவடியில் பத்து வருஷம், 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனதும் அங்கே. அதே வருஷம்தான் தாத்தாவின் மில்லும் மூடினது, மெட்ராஸ் சென்னை ஆனது. எனக்கோ 1986லேயே தபால் வேலை வந்துவிட்டது. சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை. அந்த 'இல்லை'யில்தான் நீயும் பாப்பாவும் படித்தீர்கள்.

ஜாமீனுக்குத் தாத்தா மில்லில் கடன் வாங்கினார். ஜெயிலிலிருந்து வந்த அன்று சித்தப்பாவை அடித்துவிட்டு, "பெரியவனைப் பார்த்துக் கத்துக்கோடா" என்றார். நான் அதே அறையில்தான் இருந்தேன். அவன் அப்போதும் வாய் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. என்னிடம்கூட.

நீ நடக்க ஆரம்பித்ததிலிருந்து "சித்தப்பா மாதிரி ஆயிடாதே" என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். தெருவில் சண்டை போட்டால் அதைச் சொல்வேன், மார்க் குறைந்தால் அதைச் சொல்வேன். ஒரு தடவை அவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே சொன்னேன். அவனுக்குக் கேட்டது. காய்கறிப் பையை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். அந்த வார்த்தையை இனி நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் போட்டோவை எடுத்துவிடு. நீ எடுத்துவிட்டாலும் இன்னொருத்தன் போனில் இருக்கும், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் எடுத்துவிடு. அந்தக் கத்தி யாருடையது? உன்னுடையது இல்லை என்றால் உன் ரூமில் இருக்க வேண்டாம். கொடுத்தவனிடமே கொடுத்துவிடு. வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பாதே. சின்னப் பையன் எவனிடமும் கொடுக்கவே கொடுக்காதே. இதை நீ கேட்டால் போதும், ராத்திரி பைக் ஓட்டினால்கூடப் பரவாயில்லை. இல்லை, அதுவும் வேண்டாம்.

பாப்பாவின் வரன் விஷயம் அடுத்த கடிதத்தில். பையன் நல்ல பையன் போலத்தான் இருக்கிறான்.

சனிக்கிழமை சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன், புரை. நான்தான் கூடப் போகிறேன். கட்டுப் போட்டு உட்கார வைத்திருப்பார்கள், அவனால் என்னைச் சரியாகப் பார்க்க முடியாது. அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். போன தடவை அவன் கால் ஒடிந்து படுத்திருந்தபோதும் இப்படித்தான் நினைத்தேன். ஆறு மணிக்கு மேல் போன் செய். என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, அவனிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா